சர்ப்பகந்தா: கால் கிராம் மருந்து, ஒரு ஸ்பூன் ஆபத்து!

“எங்கள் மாமனாருக்கு 70 வயது. பல வருடங்களாக பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்தார். நான்கு மாதங்களுக்கு முன்பு தெரிந்தவர் ஒருவர் சர்ப்பகந்தா வேர்ப்பொடி கொடுத்தார். தினமும் காலையில் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். பிரஷர் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது எந்நேரமும் தூங்கி வழிகிறார். மூக்கடைப்பு இருக்கிறது. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள். பொடி கொடுத்தவரே எங்கள் ஒரு ஏக்கர் தென்னந்தோப்பில் இந்தச் செடியை ஊடுபயிராக வைக்கச் சொல்கிறார். கன்று அவரே கொடுப்பாராம். ஏக்கருக்கு 2 டன் வேர் கிடைக்குமாம். அதையும் அவரே வாங்கிக்கொள்வாராம். வைக்கலாமா?”

- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்.

வாசகி கேட்டிருப்பது சாகுபடியைப் பற்றி. ஆனால், முதலில் பதில் சொல்ல வேண்டியது மாமனாரைப் பற்றித்தான். தூக்கம், மூக்கடைப்பு, யாரிடமும் பேசப் பிடிக்காத மனச்சோர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், அதை வயதின் மேல் போட்டுவிட முடியாது. சர்ப்பகந்தா அளவுக்கு மீறிப் போனால் வருகிற அறிகுறிகள் இவை. பெரியவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பொடிப் பொட்டலத்தையும், முன்பு சாப்பிட்ட மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பொடியை இனி கொடுக்க வேண்டாம். அதே சமயம், பழைய மாத்திரையை வீட்டிலிருப்பவர்களாகவே எடுத்துக் கொடுத்துவிடவும் கூடாது. பொடியின் வேகம் உடலில் இருக்கும்போதே மாத்திரையும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி, பெரியவர் மயங்கி விழ வாய்ப்பு உண்டு. எதை, எப்போது, எவ்வளவு தொடங்குவது என்பதை ரத்த அழுத்தம் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

அப்படியானால் சர்ப்பகந்தா விஷமா? இல்லை. நம் நாட்டு மூலிகைகளில், உலகமே திரும்பிப் பார்த்த மருந்து வேர் அது. அந்த வேரின் வலு தெரியாமல், அதைச் சுக்கு, மிளகு போல ஸ்பூனில் அள்ளியதுதான் தவறு.

எது சர்ப்பகந்தா?

தமிழில் சிவன் அமல்பொடி என்றும், மலையாளத்தில் அமல்பொரி என்றும் பெயர். தாவரவியல் பெயர் ரவுல்ஃபியா செர்பென்டினா. அரளி, நித்தியகல்யாணி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு அடியிலிருந்து மூன்று அடி வரை வளரும் சிறு செடி. கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று இலைகள் வட்டமாக இருக்கும். இலையின் மேல்பக்கம் நல்ல பச்சை, அடிப்பக்கம் வெளிர்பச்சை. பூ வெள்ளையாக, லேசான இளஞ்சிவப்பு கலந்து கொத்தாகப் பூக்கும். பூக்காம்பு சிவப்பு. பழம் பழுத்தால் கருநீலமாக மாறும்.

இமயமலை அடிவாரம், கிழக்கு இந்தியா, மேற்குத் தொடர்ச்சி மலை, அந்தமான், இலங்கை, மியான்மர் ஆகிய இடங்களின் ஈரமான காடுகளில் இது தானாக வளர்கிறது. வேர் பருத்து, வளைந்து நெளிந்து இறங்கும். மேல்தோல் வெளிர் பழுப்பு நிறம். வாசனை இருக்காது. ஆனால், நாக்கில் பட்டால் கசப்பு வெகுநேரம் போகாது.

வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் இதேபோல் இன்னொரு செடி நிற்கும். சில ஊர்களில் பாம்புகளா என்பார்கள். அதன் பெயர் ரவுல்ஃபியா டெட்ராபில்லா. அமெரிக்காவிலிருந்து வந்த செடி. அதில் கணுவுக்கு நான்கு இலைகள், ஒன்றுக்கொன்று அளவில் பொருந்தாமல் இருக்கும். பழம் முதலில் சிவந்து, பிறகு கறுக்கும். இதன் வேர் சர்ப்பகந்தாவோடு கலப்படமாக வருவது உண்டு. காய்ந்த வேராகவோ பொடியாகவோ வந்துவிட்டால், இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது விவசாயிக்கு மட்டுமல்ல, வியாபாரிக்கும் கஷ்டம்.

வைத்தியர் கையிலிருந்து மாத்திரை வரை

சர்ப்பகந்தா வேரை மனக்கலக்கம், தூக்கமின்மை, காய்ச்சல், வயிற்றுவலி, பேறுகால வலி என்று பலவற்றுக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பீகார் பக்கம் இதற்குப் ‘பாகல் கீ தவா’, அதாவது பைத்தியத்துக்கு மருந்து என்றே பெயர். யாரையும் அடையாளம் தெரியாமல் கத்திக்கொண்டிருப்பவர்களை இந்த வேர் அடக்கித் தூங்கவைக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

1931-ம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள மருத்துவர்கள், இந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் மனநோயாளிகளை அமைதிப்படுத்துவதையும் எழுதி வெளியிட்டார்கள். அதே ஆண்டில், டெல்லி திப்பியா கல்லூரியில் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி, இந்த வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். அதில் ஒன்றுக்கு, அந்தக் கல்லூரியை உருவாக்கிய ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்புக் கோளாறு மருத்துவத்தில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

1949-ல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், ரத்தக்கொதிப்புள்ள 50 பேருக்கு இந்த வேரைக் கொடுத்துக் கண்டதை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் இதழில் வெளியிட்டார். மேல்நாட்டு மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அதன் பிறகுதான். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம், வேரின் முக்கியச் சத்தான ரெசர்பினைத் தனியே பிரித்தது. ரத்தக்கொதிப்புக்கும் மனநோய்க்கும் அது மாத்திரையாக உலகம் முழுக்கப் போனது.

கூடவே கெட்ட பெயரும் வந்தது. ரெசர்பின் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததை 1950-களிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். நம் நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு சில ரசாயனங்களைச் சேமித்து வைத்திருக்கின்றன. மனம் உற்சாகமாக இருப்பதற்கும், ரத்தக்குழாய் இறுகி நிற்பதற்கும் அவைதான் காரணம். ரெசர்பின் அந்தச் சேமிப்பைக் காலி செய்கிறது. அதனால்தான் ரத்த அழுத்தம் இறங்குகிறது, அதனால்தான் மனமும் சோர்ந்துபோகிறது. நல்லதும் கெட்டதும் ஒரே வழியில் வருகின்றன. காலியான சேமிப்பு நிரம்ப நாளாகும். எனவே, பொடியை நிறுத்திய பிறகும் அதன் வேகம் பல நாள்கள் நீடிக்கும்.

ஒரு ஸ்பூன் எவ்வளவு?

ரெசர்பின் மாத்திரையாகக் கொடுக்கப்படும்போது, வழக்கமான அளவு ஒரு நாளைக்கு கால் மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. கிராம் அல்ல, மில்லிகிராம். அதாவது, ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு.

வேரில் ரெசர்பின் சுமாராக ஆயிரத்தில் ஒரு பங்கு இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு கிராம் வேர்ப்பொடியில் ஒரு மில்லிகிராம் இருக்கும். கால் மில்லிகிராம் கிடைக்க கால் கிராம் பொடி போதும். தராசில் நிறுத்துப் பார்த்தால், அது ஒரு சிட்டிகைதான். தலைதட்டாமல் அள்ளிய ஒரு டீ ஸ்பூனில் 2 முதல் 3 கிராம் பொடி இருக்கும். அப்படியென்றால், அந்தப் பெரியவர் நான்கு மாதங்களாக எட்டு முதல் பன்னிரண்டு நாள் மருந்தை ஒரே காலையில் குடித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

இதுவும் சுமார் கணக்குதான். மண், செடியின் வயது, தோண்டிய பருவம் ஆகியவற்றைப் பொறுத்து வேருக்கு வேர் சத்து மாறும். கலப்படமாக இருந்தால் கணக்கே இல்லை. அளவு தெரியாத பொடியை அளவில்லாமல் சாப்பிடுவது, டப்பாவில் லேபிள் இல்லாத பூச்சிமருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து அடிப்பதற்குச் சமம்.

சர்ப்பகந்தாவைத் தகுதிபெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர் நாடி பார்த்து, அளவு சொல்லி, தொடர்ந்து கவனித்துக் கொடுப்பது வேறு. அக்கம்பக்கத்தில் கேட்டுச் சாப்பிடுவது வேறு. கீழ்க்கண்டவர்கள் இதைத் தொடவே கூடாது.

* கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள்.
* மனச்சோர்வு உள்ளவர்கள், முன்பு எப்போதாவது இருந்தவர்கள்.
* வயிற்றுப்புண் உள்ளவர்கள். வயிற்றில் அமிலத்தை இது அதிகமாக்கும்.
* பிரஷர், இதயநோய், மனநோய் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், மருத்துவரைக் கேட்காமல்.

தூக்கக் கலக்கம் வரும் என்பதால், டிராக்டர் ஓட்டுபவர்களும் தென்னை ஏறுபவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இதைச் சாப்பிடும் ஒருவர் ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்பதுபோலப் பேசத் தொடங்கினால், அதைச் சும்மா விட்டுவிடக் கூடாது. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பாம்புக்கடிக்கு இது மருந்தல்ல

பெயரிலேயே சர்ப்பம் இருப்பதால், பாம்புக்கடிக்கு இந்த வேரை அரைத்துக் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருந்தது. நல்ல பாம்போடு சண்டைக்குப் போகும் முன் கீரி இந்த இலையைத் தின்னும் என்று கதையும் சொல்வார்கள். கதை கதையாகவே இருக்கட்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்கும் ஊசி அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. வேரை அரைக்கிற நேரம், உயிரைக் காப்பாற்றுகிற நேரம். அதை வீணாக்கக் கூடாது. பல பாம்பு விஷங்களில் ரத்த அழுத்தம் தானாகவே இறங்கும். அந்த நிலையில் ரத்த அழுத்தத்தை இன்னும் இறக்குகிற வேரைக் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுபோல.

தோப்பில் வைக்கலாமா?

இனி, வாசகி கேட்ட கேள்விக்கு வரலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. 20 வயதைத் தாண்டிய தென்னையில் இடைவெளியில் வெயிலும் நிழலும் கலந்து விழும். மக்கு நிறைந்த, தண்ணீர் தேங்காத மண் என்றால் சர்ப்பகந்தா நன்றாகவே வரும். ஆக, பயிருக்கு இடம் பொருத்தம்தான். கணக்குதான் பொருந்தவில்லை.

ஏக்கருக்கு 2 டன் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல பாசனமும் பராமரிப்பும் இருந்தால், தனிப்பயிராக ஒரு ஹெக்டேருக்கு 1 முதல் 2 டன் வரை காய்ந்த வேர் கிடைக்கும். ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 400 முதல் 800 கிலோ. தென்னைக்கு நடுவில் அதைவிடக் குறையும். ஹெக்டேர் கணக்கை ஏக்கர் கணக்காக மாற்றிச் சொல்வது, கன்று விற்பவர்கள் சிலரிடம் இருக்கும் பழைய பழக்கம்.

அடுத்தது கன்றுச் செலவு. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி இடைவெளி. தென்னையைச் சுற்றி 6 அடி வட்டத்தில் எதுவும் நடக் கூடாது. அதையும் நடைபாதையையும் கழித்தால், ஒரு ஏக்கர் தோப்புக்குச் சுமார் 20,000 கன்றுகள் தேவை. கன்று 10 ரூபாய் என்றாலே 2 லட்சம் ரூபாய். வேர் விற்றுப் பணம் வருவதற்குக் குறைந்தது ஒன்றரை வருடம் ஆகும். கன்று விற்பவருக்கோ முதல் நாளே பணம் வந்துவிடுகிறது. வெள்ளை முஸ்லி, கற்றாழை என்று எத்தனையோ மூலிகைப் பயிர்களில் ‘திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்ற பேச்சை நம்பி நட்டவர்கள், அறுவடையின்போது ஆளைத் தேடிய அனுபவம் தமிழக விவசாயிகளுக்கு உண்டு.

எனவே, முதலில் ஒரு ஏக்கர் வேண்டாம். இரண்டு சென்ட் போதும். விதையில் வளர்ந்த செடிதான் வேர் அதிகம் கொடுக்கும். அந்த ஆண்டு பறித்த விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கிவிட்டு, மூழ்குவதை மட்டும் எடுக்க வேண்டும். மே மாதத்தில் நிழலான மேட்டுப்பாத்தியில் விதைக்கலாம். நல்ல விதையிலும் முளைப்பு பெரும்பாலும் பாதியைத் தொடாது என்பதால், தேவையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விதைக்க வேண்டும். 40 முதல் 50 நாள் கன்றைத் தென்மேற்குப் பருவமழையில் எடுத்து நடலாம். விதை கிடைக்காத இடத்தில், வேரை ஒன்று முதல் இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி வைத்தும் கன்று உண்டாக்கலாம்.

அடியுரமாக நன்கு மக்கிய தொழுவுரம். முதல் வருடம் களை எடுப்பது முக்கியம். வேருக்காக வளர்க்கும் செடி என்பதால், விதைக்குத் தேவையான சில செடிகளைத் தவிர மற்றவற்றில் பூங்கொத்தைக் கிள்ளிவிடலாம்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து வளர்ச்சி அடங்கும் சமயம்தான் வேர் எடுக்கச் சரியான காலம். வேரில் சத்து அப்போதுதான் கூடுதலாக இருக்கும். மண் காய்ந்திருந்தால் முதல் நாள் லேசாகத் தண்ணீர் விட்டு, அறுபடாமல் ஆழமாகத் தோண்ட வேண்டும். இந்தப் பயிரில் பெரிய செலவு இந்த ஆள்கூலிதான். கழுவும்போது தோலை உரித்துவிடக் கூடாது. மருந்துச் சத்தில் பெரும்பகுதி அந்தத் தோலில்தான் இருக்கிறது. நன்றாகக் காயவைத்து, ஈரம் 8 முதல் 10 சதவிகிதத்துக்கு வந்த பிறகு சணல் சாக்கில் கட்டி வைக்கலாம். ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

காட்டிலிருந்து தோண்டி வந்து நடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். காப்புக் காட்டில் அனுமதியின்றி வேர் தோண்டுவது குற்றம். இலை மருந்தாகும் செடியைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும். வேரே மருந்தாகும் செடியைத் தோண்டினால், அந்த இடத்தில் அந்தச் செடி முடிந்தது. அப்படித் தோண்டித் தோண்டித்தான், 1990-ல் சர்ப்பகந்தா ‘சைட்டிஸ்’ எனும் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது. பயிரிட்ட வேர் என்பதற்கு ஆதாரம் வைத்திருப்பது விற்பனைக்கும் நல்லது. எனவே விதை, கன்று வாங்கிய ரசீதையும், நட்ட தேதி எழுதிய குறிப்பையும் பத்திரப்படுத்த வேண்டும்.

கன்று வாங்கும் முன் மூன்று கேள்விகள்

1. வேரை வாங்கப்போவது யார்? கன்று விற்பவரா, மருந்து தயாரிக்கும் நிறுவனமா? நிறுவனம் என்றால், அதனிடமிருந்தே எழுத்தில் உறுதி வேண்டும்.
2. விலையை எதை வைத்துத் தீர்மானிப்பார்கள்? எடையா, சத்தா? சத்து என்றால் பரிசோதனைச் செலவு யாருடையது, எந்த ஆய்வகம்?
3. இதற்கு முன் இவரிடம் கன்று வாங்கி, வேர் எடுத்து, விற்றுப் பணம் வாங்கிய விவசாயி யார்? அவர் தோட்டத்துக்கு நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், கன்றும் வர வேண்டாம். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மருந்து மற்றும் நறுமணப் பயிர்கள் துறை, மாநில மருத்துவத் தாவர வாரியம், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம் ஆகிய இடங்களில் விசாரித்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

வாசகர்களின் வேறு கேள்விகள்

வீட்டைச் சுற்றி சர்ப்பகந்தா நட்டால் பாம்பு வராதா?

அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. பாம்பு எலியையும் தவளையையும் தேடித்தான் வருகிறது. வைக்கோல் படப்பையும் விறகுக் குவியலையும் வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காமல் இருப்பது, தானியத்தை எலி தொடாமல் மூடி வைப்பது, இரவில் டார்ச் இல்லாமல் நடக்காமல் இருப்பது ஆகிய மூன்றும்தான் பாதுகாப்பு.

நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்கலாமா, வேராக வாங்கலாமா?

மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எந்த வடிவிலும் வாங்க வேண்டாம். எழுதிக் கொடுத்தால், தயாரித்த நிறுவனம், உரிமம், தயாரிப்புத் தேதி, சாப்பிட வேண்டிய அளவு அச்சிட்ட மருந்தாகவே வாங்க வேண்டும்.

தூங்காமல் அழும் குழந்தைக்கு இந்த வேரை உரசிக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பெரியவருக்கே ஒரு சிட்டிகைதான் அளவு. பச்சிளம் குழந்தைக்கு உரசிய அளவை யாராலும் கணக்கிட முடியாது. குழந்தை தொடர்ந்து அழுதால் பசி, காது வலி, வயிற்று வலி, காய்ச்சல் என்று ஏதாவது காரணம் இருக்கும். அதை மருத்துவர் பார்க்கட்டும்.

குமரி மாவட்ட வாசகிக்குக் கடைசியாக ஒன்று. தோப்பு எங்கும் போய்விடாது. ஊடுபயிர் முடிவை அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். மாமனாரை மருத்துவரிடம் அழைத்துப் போவதைத் தள்ளிவைக்க முடியாது.